நிலவறையில் ஒரு ஸ்நானத் தொட்டி

அமெரிக்காவில் குளிர் மிகுந்த மாகாணங்களிலே ஒருவருடைய வீடு எவ்வளவு பெரிது என்பதை வீதியில் நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. வீட்டில் ஒரு பெரும் பங்கு பூமிக்கு அடியில் மறைந்து கிடக்கும். பணத்தைப் புதைத்து வைத்த மனிதர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வீட்டையே புதைத்து வைக்கும் இந்த வழக்கத்துக்கு என்ன காரணம்? உறைபனிதான். மாரிக்காலத்தில் அங்கே மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து பருத்து, மேலே நிற்பதை நெம்பித் தூக்கிவிடும். ஆகையால் உறைவு எட்டாத ஆழத்துக்குக் கீழேதான் அஸ்திவாரம் இருக்க வேண்டும். மின்னஸோட்டா மாகாணத்தில் தெற்குப் பகுதிகளில் மூன்றரை அடி, வடக்கே 5 அடி என்று இதற்குச் சட்டமே இருக்கிறது. அவ்வளவு தூரம் வெட்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் வெட்டினால் வீட்டின் அகலத்துக்கு ஒரு தளமே கிடைக்கும் என்ற கணக்கில் பிறந்ததே நிலவறை. மண் உறையாத டெக்ஸாஸிலும் புளோரிடாவிலும் இது அபூர்வமான வஸ்து.

வீடு கட்டி விற்பவர்கள் பெரும்பாலும் இந்த நிலவறையைப் பூர்த்தி செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் பூச்சில்லாத கான்கிரீட் சுவர். நடுவே இரண்டொரு இரும்புத் தூண்கள். மூலையில் வீட்டைச் சூடாக்கும் உலையும் வெந்நீர்க் கொப்பரையும். தலைக்கு மேலே மேல்தளத்தைத் தாங்கும் உத்தரங்கள். இன்னொரு மூலையில் தளத்திலிருந்து இரண்டு குழாய்கள் எழும்பி, வாய் மூடப்பட்டு நிற்கும். பக்கத்தில் ஏறக்குறைய ஓர் அடி சதுரத்துக்குச் சிமெண்டு போடாமல் விட்ட ஒரு குழியும் இருக்கும். கொத்தனார் மறந்து போய் விட்டுவிட்டார் என்றே புதிதாய்ப் பார்க்கிறவர் நினைப்பார். மறதியன்று. பருத்த குழாய் மலகூடத்துக்கு. சன்னக் குழாய் கைகழுவும் தொட்டிக்கு. குழி, ஸ்நானத் தொட்டியின் கழிநீர்க் குழாய் வந்து சேர வேண்டிய இடம். ‘எப்போதாவது உனக்கு வசதி வரும்போது இங்கே ஓர் ஸ்நான அறை கட்டிக் கொள்’ என்று கட்டினவன் வீட்டுக்காரனுக்கு விட்டுப்போன குறிப்பு அது.

அந்த வசதி பெரும்பாலும் எப்போது வருகிறதென்றால், ஊரிலிருந்து தகப்பனாரும் தாயாரும் வரும்போதுதான். நியூஜெர்ஸியிலும் இல்லினாயிலும் மிச்சிகனிலும் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளில், ஆறு மாதம் தங்குவதற்கு வரும் பெற்றோருக்குத் தனியாக ஓர் அறை வேண்டியிருக்கிறது. அறையென்றால் அருகிலேயே குளிக்கும் இடமும் வேண்டியிருக்கிறது. நிலவறையைச் சீர்படுத்தும் யோசனை அப்போது கிளம்புகிறது. (படுக்கையறையும் அங்கேயே என்றால், ஆபத்துக் காலத்தில் ஆள் வெளியேறக் கூடிய அளவுக்கு ஜன்னல் ஒன்று அவசியம் என்பதை நடுவே சொல்லி வைக்கிறோம்.) யோசனை கிளம்பிய மறுநாளே ஸ்நானத் தொட்டியை விலைபேசிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கவனிக்க வேண்டிய மரவேலையைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம். தொட்டியின் மினுமினுப்பை எல்லோரும் பார்க்கலாம். அதைச் சுற்றி நிற்கும் மரச்சட்டங்களைச் சுவர் மூடிய பிறகு ஒருவரும் பார்க்கப் போவதில்லை. ஆனால், எழுபது வயதுத் தாயார் ஒருத்தி அந்தத் தொட்டிக்குள் காலை எடுத்து வைக்கும்போது அவளைத் தாங்கப் போவது அந்தச் சட்டங்கள்தாம்.

தொட்டிக்கும் சுவருக்கும் உண்டான இந்தச் சம்பந்தம் அமெரிக்காவில் ஆதியிலிருந்து இருந்ததன்று. ஆதி என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. 1842ஆம் வருஷத்தில் ஸின்ஸினாட்டி நகரத்து வியாபாரி ஒருவர்தாம் அமெரிக்காவிலேயே முதல் ஸ்நானத் தொட்டியை வைத்தார் என்று வெகுகாலம் அங்கே புத்தகங்களில் கூட எழுதி வந்தார்கள். 1917ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் மென்கென் என்ற பத்திரிகாசிரியர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் விளையாட்டாகப் புனைந்த கட்டுக்கதை அது! ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்து, 1926இல் அவரே ‘அத்தனையும் பொய்’ என்று எழுதினார். அப்படியும் கதை சாகவில்லை. அச்சில் வந்த பொய்க்கு ஆயுள் கெட்டி என்பது நமக்கும் தெரிந்த விஷயந்தானே?

மெய்யான சரித்திரம் இதைக் காட்டிலும் சுவாரஸ்யமானது. ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய ஜான் மைக்கேல் கோலர் என்பவர் விஸ்கான்ஸின் மாகாணத்தில் கலப்பையும் மற்ற இரும்புச் சாமான்களும் வார்த்து வந்தார். 1883இல், கால்நடைகளுக்கு உபயோகமான வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றுக்குப் பளிங்குப் பூச்சுக் கொடுத்து, நாலு காலும் வைத்து, ‘இதுவே ஸ்நானத் தொட்டி’ என்று விற்றார். முதல் தொட்டிக்கு விலையாக ஒரு பசுமாடும் பதினாலு கோழிகளும் கிடைத்தன என்று அவருடைய கம்பெனிக்காரர்கள் சொல்லி வருகிறார்கள். நாலு கால் உள்ள அந்தத் தொட்டியை நம் வீட்டுக் கட்டிலைப் போல எங்கே வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம். ஆனால் அடியிலே அழுக்குச் சேரும். பின்புறத்தில் ஜலம் வழியும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், மூன்று பக்கம் சுவரோடு ஒட்டி, நாலாவது பக்கம் மாத்திரம் திறந்திருக்கும் மாடத் தொட்டி வந்தது. அன்றைக்கே தச்சனுக்குப் புதிய பொறுப்பும் வந்து சேர்ந்தது. கால் வைத்த தொட்டிக்கு அறை போதும். மாடத் தொட்டிக்கோ, தைத்த சட்டை உடம்பில் பொருந்துவது போல் பொருந்தும் ஓர் இடம் வேண்டும்.

இந்தச் சௌகரியம் அமெரிக்கர்களுக்குத் தொன்றுதொட்டு வாய்த்தது என்று எண்ணி நாம் நாணிப் போக வேண்டியதில்லை. 1940ஆம் வருஷத்து ஜனக்கணிப்பின்படி, அங்கே நூற்றுக்கு 45 வீடுகளில் குழாய்த் தண்ணீர், குளிக்கும் தொட்டி, மலகூடம் ஆகியவை பூர்த்தியாக அமைந்திருக்கவில்லை.

இனி மரவேலைக்கு வருவோம். அமெரிக்க வீடுகளில் உட்சுவர் என்பது செங்கல் அன்று. தரையில் ஓர் அடிச்சட்டம், மேலே ஒரு மேற்சட்டம், இரண்டுக்கும் நடுவே 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் சட்டங்கள். இந்த எலும்புக்கூட்டின் மேல் பலகையை அறைந்தால் சுவராகிவிட்டது. அறுத்த சன்னச் சட்டங்களையும் ஆணிகளையும் கொண்டு வீடு கட்டும் இம்முறை 1830களில் சிகாகோ நகரிலிருந்து பரவியது. சட்டத்துக்கு ‘இரண்டுக்கு நான்கு’ என்று பெயர். கடையில் வாங்கி அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலந்தான் இருக்கும்! அறுத்து, உலர்த்தி, இழைத்த பிறகு மிஞ்சுகிற அளவு அது. படி என்று சொல்லி முக்காற்படி அளக்கும் வியாபாரியிடம் நாம் சண்டைக்குப் போவோம். அங்கே இது அரசாங்கமே அங்கீகரித்த வழக்கம். எவனாவது பெயரை நம்பிக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு சட்டத்துக்கும் அரை அங்குலம் தவறிப் போய்விடும்.

அரை அங்குலத்தில் என்ன வந்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு மாடத் தொட்டி தக்க பதில் சொல்லும். சாதாரணமாக அதன் நீளம் 60 அங்குலம், அகலம் 30 அல்லது 32 அங்குலம். அதற்கு விடும் இடைவெளி 60 அங்குலத்துக்கு மேல் கால் அங்குலம் வரையில் கூடலாம். அதற்கு மேல் ஆகாது. குறைந்தால் தொட்டி உள்ளே போகாது. கூடினால் தொட்டி போகும். ஆனால் அதன் விளிம்பு சட்டங்களைத் தொடாது. தொட்டியின் மேல் விளிம்பில், சுவரை ஒட்டும் மூன்று பக்கங்களிலும், மேல்நோக்கி ஒரு சிறு நாக்கு எழும்பியிருக்கும். அந்த நாக்குச் சட்டத்தோடு நேரே பொருந்த வேண்டும்; சுவர்ப் பலகை அதன் முன்பக்கமாக இறங்கி அதை மறைக்க வேண்டும். சுவரில் வழிகிற ஜலம் அப்போதுதான் தொட்டிக்குள்ளேயே விழும். நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையே சந்து விழுந்தால், ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி ஜலம் சுவருக்குள் இறங்கும். ஒரு கரண்டி ஜலம் என்று அலட்சியம் செய்யலாகாது. வெளிச்சமும் காற்றும் புகாத நிலவறையில் அதுவே பூஞ்சக்காளானுக்கு விருந்து. சந்து விழுந்துவிட்டால் சட்டத்தின் மேல் மெல்லிய மரச்சிம்பு அறைந்து சரிசெய்வதுதான் முறை. சந்து அடைக்கும் பசையை நம்பி விடுவது முறையன்று.

இந்த இடத்தில் அநேகர் வழுக்கி விழும் ஒரு கணக்கு உண்டு. தொட்டிக்குரிய 60 அங்குலம் சட்டத்திலிருந்து சட்டம் வரை அளக்க வேண்டியது. அதாவது சுவர்ப் பலகை அறைவதற்கு முன்னால் உள்ள அளவு. மலகூடத்துக்குரிய அளவோ நேர்விரோதமானது. அதன் குழாயின் மையம் பின்சுவரிலிருந்து 12 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும் என்றால், அது பலகை அறைந்து முடிந்த சுவரிலிருந்து. அரை அங்குலப் பலகையானால் சட்டத்திலிருந்து பன்னிரண்டரை அங்குலம். ஒரே அறையில், ஒரே நாடாவால், இரண்டு விதமாக அளக்க வேண்டியிருக்கிறது! இது மனத்தில் பதியாமல் ஆணி அடிக்கத் தொடங்குகிறவர் ஒன்றைச் சரியாகவும் மற்றொன்றைப் பிசகாகவும் அமைத்துவிடுவார். பின்னும், மலகூடத்தின் மையத்திலிருந்து இரு பக்கமும் குறைந்தது 15 அங்குலம் வெறுமையாக விட வேண்டும் என்பது விதி. தொட்டியின் முகப்பு அந்த 15 அங்குலத்துக்குள் தலை நீட்டக் கூடாது.

ஆகையால் நிலவறையில் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிப்பதில்லை. தளத்தில் புதைந்து கிடக்கும் குழாய்கள் தீர்மானிக்கின்றன. மேல்மாடியானால் பலகைத் தளத்தை எடுத்துக் குழாயை நகர்த்திவிடலாம். நிலவறையில் நாலு அங்குலக் கான்கிரீட்டை உடைக்க வேண்டும். கெட்டிக்கார வேலைக்காரர்கள் முதலில் ஓர் ஆணியும் எடுக்க மாட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டால் தரையிலேயே அறை முழுவதையும் வரைவார்கள். தொட்டியின் அகலம் 30 அங்குலமானால், அதன் கழிநீர்த் துவாரம் நீளச் சுவரின் சட்டங்களிலிருந்து 15 அங்குலத்தில் விழும். ஆகவே குழியின் மையத்திலிருந்து 15 அங்குலம் அளந்து பின்சுவரின் கோட்டைப் போடுவார்கள். தலைமாட்டுச் சுவருக்கு எத்தனை அங்குலம் என்பது தொட்டிக்குத் தொட்டி வேறுபடும். அதற்குத் தொட்டியோடு வரும் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். இதனால்தான் தொட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகே மரவேலை. மரவேலை முடிந்த பிறகு தொட்டியைத் தேடுவது, கல்யாணப் பந்தலைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை தேடுவது போலத்தான்.

இன்னொரு கேள்வியும் இங்கேயே தீர வேண்டும். தொட்டியே வேண்டுமா? வாளியும் செம்பும் வைத்துக் கொண்டு கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு, தன் அழுக்கு ஜலத்திலேயே தான் அமிழ்ந்து கிடப்பது ஸ்நானமாகவே தோன்றுவதில்லை. “தொட்டியிலே குளித்தால், அப்புறம் எங்கேடா அப்பா குளிக்கிறது?” என்று கேட்ட பாட்டிமார்கள் உண்டு. அவர்கள் அறையில் குளிக்கப் போகிறவர்கள் வயோதிகர் மாத்திரமே என்றால், விளிம்பே இல்லாத தாழ்ந்த தளம் போட்டு, மேலிருந்து ஜலம் பொழியும் குழாய் வைத்து, ஒரு முக்காலியும் போட்டுவிடுவதே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் பேரக் குழந்தைகள் உள்ள வீட்டில் தொட்டியின் உபயோகத்தை மறுக்க முடியாது. எதுவானாலும் முன்னதாகவே முடிவு செய்ய வேண்டிய காரணம் ஒன்று உண்டு: பொதுவான விதிகளின்படி தொட்டிக்கு ஒன்றரை அங்குலக் கழிநீர்க் குழாய் போதும், தளத்தில் நின்று குளிக்கும் இடத்துக்கு 2 அங்குலம் வேண்டும். பூமிக்குள் ஒன்றரை அங்குலம் புதைத்துவிட்டுப் பிறகு மனம் மாறுவது மெத்தச் செலவுள்ள காரியம்.

குழாயில் நீர் தேங்கும் வளைவு ஒன்று இருக்க வேண்டும் என்பதும், அந்த வளைவில் நிற்கும் இரண்டு முதல் நாலு அங்குல ஜலமே சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது என்பதும், அந்த ஜலம் உறிஞ்சப்படாமல் இருக்கக் காற்றுக் குழாய் ஒன்று சுவருக்குள் மேலேறிப் போக வேண்டும் என்பதும் குழாய்க்காரருடைய சாஸ்திரம். வீதிச் சாக்கடை நிலவறைத் தளத்துக்கு மேலே போகிறதென்றால், கழிநீரைத் தள்ளி ஏற்ற ஒரு பம்பும் குழியும் வேண்டும். அந்தச் சாஸ்திரத்தை அவரிடமே விட்டுவிடுகிறோம்.

தச்சருக்கு நிலவறையில் பரம சத்துரு ஈரம். கான்கிரீட் பார்வைக்குக் கல், குணத்திலே பஞ்சு. சுற்றியிருக்கும் மண்ணின் ஈரத்தை அது ஓயாமல் உறிஞ்சிக் கொண்டிருக்கும். ஆகையால் தரையில் கிடக்கும் அடிச்சட்டம் மருந்து ஏற்றிய மரமாக இருக்க வேண்டும். 2003ஆம் வருஷத்து முடிவு வரையில் வீட்டு வேலைக்கான மரத்துக்கு ஆர்ஸெனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். பாஷாணத்தோடு குடித்தனம் வேண்டாமென்று அது நிறுத்தப்பட்டது. பிறகு வந்த தாமிர மருந்து மனிதருக்குச் சாது. ஆனால் சாதாரண ஆணியை அரித்துவிடும். துத்தநாகம் கனமாகப் பூசிய ஆணிகளையே உபயோகிக்க வேண்டும். வெளிச்சுவர்ப் பக்கத்தில் சட்டங்களைக் கான்கிரீட்டோடு ஒட்டி நிறுத்துவதும் தவறு. வீட்டுக்குள்ளிருக்கும் உஷ்ணக் காற்றுக் குளிர்ந்த கான்கிரீட்டைத் தொட்டால், பனிக்கட்டி போட்ட செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலச் சுவர் வியர்க்கும். முதலில் நுரைப் பலகையைக் கான்கிரீட்டோடு இறுக ஒட்டி, அதற்கு முன்னால் சட்டங்களை நிறுத்துகிறார்கள். தொட்டியின் பின்பக்கத்தில் இதைச் செய்யத் தவறினால், பிற்பாடு கை நுழைய இடமில்லை.

கொலராடோவில் டென்வர் நகரத்தைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் இன்னொரு விசித்திரத்தைக் காணலாம். அங்கேயுள்ள களிமண் நனைந்தால் பொங்கித் தளத்தையே மேலே தூக்கும். ஆகவே நிலவறைச் சுவர்களை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, கீழே சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒன்றரை அங்குலமோ அதற்கு மேலோ வெறுமை வைக்கிறார்கள். சுவர் தொங்குகிறது, தொட்டி தரையில் உட்கார்ந்திருக்கிறது. தரை எழும்பினால் தொட்டி மட்டும் எழும்பும். அங்கே மாடத் தொட்டி வைப்பது அநுபவஸ்தர்களுடைய வேலை.

மற்ற இடங்களில் இந்த வேலையை வீட்டுக்காரரே செய்வது அமெரிக்காவில் சகஜம். காலையில் ஆஸ்பத்திரியிலோ கலாசாலையிலோ உத்தியோகம் பார்க்கிறவர் சனிக்கிழமையன்று சுத்தியலும் ரம்பமுமாக நிலவறைக்குள் இறங்கிவிடுவார். நம்மவர்களுக்கு ஆரம்பத்தில் இது வெட்கமாகக்கூட இருக்கும். பட்டம் பெற்றவன் ஆணி அடிப்பதா? காந்தி மகான் 1910இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, அங்கே சிறு தச்சு வகுப்பு ஒன்று நடந்தது. தச்சு வேலையில் பழக்கமுள்ள காலன்பாக் என்பவர் தொழிலால் கட்டடக் கலைஞர். பண்ணையில் நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. நூறு வருஷத்துக்கு முன்பே கற்றுக் கொடுத்த பாடத்தை நாம் நியூஜெர்ஸியில் போய்ப் படிக்க வேண்டியிருப்பதில் சிறிது ஹாஸ்யமும் இருக்கிறது.

சட்டங்களை நிறுத்தும்போது தூக்குக்குண்டும் ரசமட்டமும் மூலைமட்டமும் கையிலிருக்க வேண்டும். அடியில் சரியாக 60 அங்குலமாயிருந்து, மேலே அரை அங்குலம் சாய்ந்த சுவர் பிரயோஜனமில்லை. முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடங்களிலும், தரையிலும் தொட்டி விளிம்பின் உயரத்திலும் அளக்க வேண்டும். குழாய்கள் வரும் தலைமாட்டுச் சுவரில், தொட்டியின் அகலத்துக்கு நட்டநடுவே சட்டம் எதுவும் வந்துவிடக் கூடாது; திருகும் வால்வு இருக்க வேண்டிய இடம் அது. 16 அங்குலக் கணக்கைக் கண்ணை மூடிக் கொண்டு பின்பற்றுகிறவர்களுக்கு அங்கே சரியாக ஒரு சட்டம் வந்து நிற்கும்! நடுவை விட்டு இரு பக்கமும் ஒவ்வொன்று நிறுத்தி, இடையே குறுக்குப் பலகை வைத்து வால்வைப் பிணைக்க வேண்டும். அந்தச் சுவரின் மறுபுறத்தில் ஒரு சிறு கதவு வைத்துவிட்டால், பிற்காலத்தில் குழாய் கசிந்தாலும் பளிங்கு ஓடுகளை உடைக்க வேண்டியிராது.

இப்போது வயோதிகர்களுடைய விஷயம். தொட்டியின் விளிம்பு 14 முதல் 20 அங்குலம் வரை உயரமிருக்கும். ஈரக்காலோடு அதைத் தாண்டுவது இளைஞர்களுக்கே அபாயம். 2008ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸ்நான அறையில் அடிபட்டு அவசர சிகிச்சைக்குப் போனவர்கள், 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும், ஏறக்குறைய 2,34,000 பேர் என்று அந்நாட்டு நோய்த் தடுப்புக் கேந்திரம் கணக்கிட்டது. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வழுக்கி விழுந்த கேஸ்கள். கைப்பிடி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எதில் நிற்கும் என்பதுதான் கேள்வி. சுவர்ப் பலகை ஒரு மனிதருடைய பாரத்தைத் தாங்காது. நிற்கும் சட்டமோ ஒன்றரை அங்குல அகலந்தான். நாம் விரும்பும் இடத்தில் அது இருக்காது. ரப்பர்க் கிண்ணத்தால் ஓட்டில் ஒட்டிக் கொள்ளும் கைப்பிடிகளும் கடைகளில் விற்கின்றன. ஒட்டிக் கொண்டிருக்கிறது என்று நம்பிப் பிடிக்கும் கணத்தில் அது விட்டுவிடக் கூடியது. அதைவிடக் கைப்பிடி இல்லாமலிருப்பதே மேல், முன்ஜாக்கிரதையாவது மிஞ்சும்.

சுவர் எலும்புக்கூடாய் நிற்கும்போதே, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒன்றரை அங்குலக் கனமுள்ள அகலப் பலகைகளைப் படுக்கையாகப் பொருத்திவிடுவதுதான் இதற்கு வழி. பொதுக் கட்டடங்களுக்கான அமெரிக்க விதியில் கைப்பிடி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்றும், 250 ராத்தல் விசையைத் தாங்க வேண்டும் என்றும் கண்டிருக்கிறது. தனி வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் தாயாருடைய இடுப்பெலும்புக்குப் பொதுக் கட்டடமென்றும் தனி வீடென்றும் வித்தியாசம் தெரியாது. பத்து அங்குல அகலமுள்ள பலகையாக வைத்தால், பின்னால் ஆளின் உயரத்துக்குத் தக்கபடி கைப்பிடியை ஏற்றவும் இறக்கவும் இடமிருக்கும். உயரம் அளக்கும்போது, இனிமேல் தரையில் பதிக்கப் போகும் ஓட்டின் கனத்தையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். நீளச் சுவரில் ஒன்று. காலெடுத்து வைக்கும் வாயிலருகே நெட்டாக ஒரு கைப்பிடிக்கு இரண்டொன்று. மலகூடத்தின் பக்கத்தில் ஒன்று. நாலைந்து துண்டு மரம், அரைமணி வேலை. சுவரை மூடிய பிறகு இதே காரியத்துக்கு ஓட்டைப் பெயர்த்து, பலகையை அறுத்து, மறுபடி பூச வேண்டும். யாரும் செய்வதில்லை. யாராவது விழுந்த பிறகுதான் செய்கிறார்கள்.

தொட்டி நிலவறைக்குள் வந்து சேர்வது தனிக்கதை. 60 அங்குல நீளமுள்ள வஸ்து படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்புமா என்பதைக் கடையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பார்க்க வேண்டும். அக்ரிலிக் தொட்டியானால் நூறு ராத்தலுக்கு உட்பட்டிருக்கும். இரண்டு பேர் தூக்கலாம். வார்ப்பிரும்பானால் 300 ராத்தலுக்குக் குறையாது. கீழே இறக்குவதற்குள் சிநேகிதர்கள் விரோதிகளாகிவிடுவார்கள். அறை வாசலின் சட்டங்களை நிறுத்துவதற்கு முன்பே தொட்டியைக் கொண்டுவந்து வைத்துக் கொள்வது சிலாக்கியம். ஒன்று மாத்திரம் அநுகூலம்: தொட்டியில் 50 காலன் ஜலம் நிரப்பினால் அதுவே 400 ராத்தலுக்கு மேல் போகும், மேல்மாடியில் உத்தரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கும். நிலவறையில் பூமாதேவியே தாங்குகிறாள்.

ஆனால் அங்கே தரை மட்டமாக இருப்பதில்லை. ஜலம் ஓடுவதற்காகத் தளத்தைச் சற்றுச் சரிவாகவே போட்டிருப்பார்கள். தொட்டியை வைத்து, ரசமட்டம் பார்த்து, ஆப்புக் கொடுத்து அல்லது அடியில் சாந்துப் படுக்கை போட்டு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்; எது தகும் என்பது தொட்டி செய்தவருடைய காகிதத்தில் இருக்கும். பின்சுவரில் விளிம்பின் அடிப்புறத்தை அடையாளம் செய்து, அங்கே படுக்கையாக ஒரு தாங்குசட்டத்தைச் சட்டங்களோடு திருகிவிடுகிறார்கள். அடியில் தாங்கலில்லாத அக்ரிலிக் தொட்டி காலடியில் நெளியும். நெளிகிற தொட்டியில் வயதானவர்கள் நிலைதடுமாறுவார்கள். நாளடைவில் குழாயின் மூட்டும் விட்டுவிடும். பிறகு துவாரத்தை அடைத்து நிறைய ஜலம் விட்டு ஓர் இரவு அப்படியே வைத்து, மறுநாள் அடியில் கைவிட்டுப் பார்க்கிறார்கள்.

மூடுகிற பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சைக் காகிதம் ஒட்டிய ஜிப்ஸம் பலகை ஈரத்துக்குத் தாங்கும் என்று முன்னாட்களில் எண்ணி ஓட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். பிற்பட்ட விதிகள் தொட்டியைச் சுற்றி அதை அங்கீகரிப்பதில்லை. சிமெண்டுப் பலகை வைத்து, அதன் மேல் ஜலம் புகாத பூச்சுக் கொடுக்கிறார்கள். ஓடும் சாந்தும் ஜலத்தைத் தடுப்பதில்லை. அவற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பூச்சுத்தான் தடுக்கிறது. இது மேல்நாட்டார் புதிதாய்க் கண்டுபிடித்த தத்துவம் என்று யாராவது சொன்னால், ஸிந்து நதிக் கரையிலுள்ள மொஹஞ்சதாரோவின் பெரிய ஸ்நான குண்டத்தைக் காட்ட வேண்டும். ஏறக்குறைய 39 அடி நீளமும் 23 அடி அகலமும் 8 அடி ஆழமும் கொண்ட அந்தக் குண்டத்தை 1925-26இல் தோண்டி எடுத்தபோது, நெருக்கமாய் இழைத்த செங்கல்லுக்குப் பின்னால் கீல் எண்ணெய் போன்ற நிலக்கீல் பூச்சு ஒன்று கனமாகத் தடவியிருக்கக் கண்டார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின அந்தப் பூச்சையும் குளித்தவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான ஊர்களில் இந்த வேலைக்கு நகரசபையின் அநுமதிச் சீட்டு வேண்டும். சட்டங்களும் குழாய்களும் மின்சாரக் கம்பிகளும் திறந்திருக்கும்போதே இன்ஸ்பெக்டர் ஒரு முறை வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் சுவரை மூடலாம். அவர் வந்து போன அன்று மாலை செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுவரின் அருகிலும் அளவு நாடாவைத் தரையிலிருந்து மேலே நிமிர்த்திப் பிடித்து, அங்குலக் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக் கொள்ள வேண்டும். குறுக்குப் பலகை தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஆரம்பிக்கிறது, மூலையிலிருந்து எத்தனை அங்குலம் ஓடுகிறது, வெந்நீர்க் குழாய் எந்த இடத்தில் போகிறது என்பதெல்லாம் அதில் விழுந்துவிடும். அந்தப் படத்தை அச்செடுத்து, தலைமாட்டுச் சுவரின் மறுபுறத்திலுள்ள சிறு கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். சில வருஷம் கழித்துக் கைப்பிடி பொருத்த வருகிறவர் அங்கேதான் முதலில் பார்ப்பார்.